ஊரையே பாடமாக்கிய பேராசிரியர்

ஒருவன் திருடுகிறான். போலீசார் பிடிக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. நீதிபதி ஜெயில் தண்டனை கொடுக்கிறார். அதோடு காரியம் முடிந்து விட்டதாக நாம் நினைக்கிறோம்.

ஆனால் அவன் ஏன் திருடினான்? பிறவிக் குணமா? கூடாத சேர்க்கையா? வறுமையா? ஒரு ஊரில் திருட்டு மலிந்து கிடக்கிறது. பக்கத்து ஊரில் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறார்கள். இந்த வித்தியாசம் எதனால்?

இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே இன்று கல்லூரிகளில் தனிப் படிப்பு இருக்கிறது. மக்கள் கூடி வாழும் விதத்தைப் பற்றிய படிப்புக்குச் சமூகவியல் என்று பெயர். குற்றத்தைப் பற்றிய படிப்புக்குக் குற்றவியல் என்று பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பட்டம் வாங்குகிறவர்களும் உண்டு. அந்த மாணவர்கள் முதல் வருடத்திலேயே கேள்விப்படும் பெயர்களில் ஒன்று, எமில் துர்கைம்.

துர்கைம் மாணவராக இருந்த காலத்தில் பிரெஞ்சு நாட்டில் இப்படி ஒரு படிப்பே கிடையாது. அவர்தான் போராடி அதற்குப் பல்கலைக் கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்.

மத குருவின் பிள்ளை

பிரெஞ்சு நாட்டின் கிழக்குப் பக்கத்தில் லொரேன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள எப்பினால் என்ற ஊரில், 1858-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ந் தேதி துர்கைம் பிறந்தார். வீட்டில் அவர்தான் கடைசிப் பிள்ளை.

அவர்கள் யூதர்கள். தந்தை அந்த ஊரின் யூத மத குரு. பாட்டனாரும் மத குரு. முப்பாட்டனாரும் மத குரு. தந்தையின் சம்பளம் அதிகம் இல்லை. தாயார் துணிகளில் பூவேலை செய்யும் பட்டறை ஒன்றை நடத்திக் குடும்பத்துக்குக் கை கொடுத்தார்.

பரம்பரை வழக்கப்படி எமிலும் மத குரு ஆகியிருக்க வேண்டும். சிறு வயதில் அதற்கான படிப்பும் தொடங்கியது. ஆனால் பையனின் மனம் பள்ளிக்கூடப் படிப்பின் பக்கம் சாய்ந்தது. உபாத்தியாயர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1870-ம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பிரெஞ்சுப் படை தோற்றது. எப்பினால் ஊருக்குள் எதிரிச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். தோல்விக்கு யார் காரணம் என்று ஜனங்கள் தேடினார்கள். சிலர் யூதர்களின் மேல் பழியைப் போட்டார்கள். ஒரு கூட்டத்துக்குக் கஷ்டம் வரும்போது, அது யாராவது ஒருவரைப் பிடித்துக் குற்றவாளி ஆக்கிவிடும். இதை அந்தச் சிறுவன் கண்ணால் கண்டான். கடைசி வரை அதை மறக்கவில்லை.

இரண்டு தடவை தோல்வி

மேல் படிப்புக்காக எமில் பாரிஸ் நகரம் போனார். அங்கே மிக உயர்ந்த கல்லூரி ஒன்று உண்டு. நாட்டிலேயே சிறந்த மாணவர்களைப் பொறுக்கி எடுத்துப் பேராசிரியர்களாக ஆக்கும் கல்லூரி அது. அதில் சேர கடுமையான பரீட்சை எழுத வேண்டும்.

எமில் எழுதினார். தேறவில்லை. மறு வருடமும் எழுதினார். அப்போதும் தேறவில்லை. ஊரில் தந்தைக்கு உடல் நலம் இல்லை. கையில் பணமும் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பி இருப்பார். எமில் மூன்றாம் தடவையும் எழுதினார். 1879-ம் ஆண்டு, 21-ம் வயதில், அவருக்கு இடம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த உயிர் நண்பர் ழான் ழோரேஸ். இருவரும் ஒரே விடுதியில் தங்கியவர்கள். ழோரேஸ் பிற்காலத்தில் பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் பெருந்தலைவர் ஆனார்.

கல்லூரியில் பழைய இலக்கியத்துக்கும் அழகான பேச்சுக்கும்தான் மதிப்பு. துர்கைமுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணால் கண்டதை, கணக்கு எடுத்ததை வைத்துப் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசி வருடத்தில் நோய் வேறு வந்து படுத்துவிட்டார். 1882-ம் ஆண்டு இறுதிப் பரீட்சையில், தேறியவர்களின் பட்டியலில் கடைசிக்கு முந்திய இடம் அவருக்கு! பிற்காலத்தில் ஒரு படிப்புக்கே தந்தையாக விளங்கப் போகிறவரின் தேர்வு முடிவு இது.

புதிய படிப்பு

சில வருடங்கள் பள்ளிகளில் தத்துவம் கற்பித்தார். 1885, 1886 ஆண்டுகளில் ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள பல்கலைக் கழகங்களைப் பார்த்து வந்தார். லைப்சிக் நகரில் வுண்ட் என்ற அறிஞர், மனித மனத்தைச் சோதனைச் சாலையில் வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். மனதையே ஆராய முடியும் என்றால், மக்கள் கூட்டத்தை ஏன் ஆராய முடியாது? இந்த எண்ணம் அவருக்கு வலுப்பட்டது.

ஊர் திரும்பி, தாம் பார்த்ததைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். கல்வி இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு கொண்டார். 1887-ம் ஆண்டு போர்தோ நகரப் பல்கலைக் கழகத்தில் துர்கைமுக்கு வேலை கிடைத்தது. பள்ளி உபாத்தியாயர்களுக்குக் கல்வி முறையைக் கற்பிக்க வேண்டும். அதோடு சமூக விஞ்ஞானமும் நடத்தலாம். பிரெஞ்சுப் பல்கலைக் கழகம் ஒன்றில் இந்தப் பாடம் நுழைந்தது அதுவே முதல் தடவை. அப்போது துர்கைமுக்கு வயது 29.

அதே வருடம் லூயிஸ் என்ற பெண்மணியை மணந்தார். அவருடைய எழுத்துகளைப் பிரதி எடுத்ததும், அச்சுப் பிழை திருத்தியதும் அந்த அம்மையார்தான். மரி என்று ஒரு பெண்ணும், ஆந்திரே என்று ஒரு பையனும் பிறந்தார்கள்.

பல்கலைக் கழகத்தில் எல்லோரும் அவரை வரவேற்கவில்லை. சரித்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தத்துவம் இருக்கிறது, இது என்ன புதிதாக ஒரு படிப்பு என்று சிலர் முகம் சுளித்தார்கள். துர்கைமின் பதில் எளிமையானது. ஒரு மனிதனை ஆராய மனவியல் இருக்கிறது. உடம்பை ஆராய வைத்தியம் இருக்கிறது. ஆனால் பல பேர் சேர்ந்து வாழும்போது, தனி ஆளிடம் இல்லாத ஒன்று உண்டாகிறது. பழக்கம், சட்டம், மொழி, மதம், நாணயம் ஆகியவற்றை நாம் யாரும் தனியாக உண்டாக்கவில்லை. நாம் பிறக்கும் முன்பே அவை இருக்கின்றன. நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை ஆராயத் தனிப் படிப்பு வேண்டும் என்றார்.

1893-ம் ஆண்டு வேலைப் பிரிவினையைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதி டாக்டர் பட்டம் பெற்றார். பழைய காலத்து மக்கள் ஒரே தொழில், ஒரே நம்பிக்கை, ஒரே வழக்கம் என்று இருந்தார்கள். ஒற்றுமை அதனால் வந்தது. யாராவது வழக்கத்தை மீறினால் ஊரே கொதித்தது. தண்டனையும் கடுமையாக இருந்தது. இன்றைய பட்டணத்தில் தச்சர் வேறு, டாக்டர் வேறு, கணக்கப்பிள்ளை வேறு. ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவர் வாழ முடியாது. அந்தத் தேவைதான் இங்கே மக்களைக் கட்டி வைக்கிறது. தண்டனையை விட நஷ்ட ஈடு கேட்கும் சட்டங்கள் பெருகுகின்றன. இது அந்த நூலின் சாரம்.

குற்றமும் ஊரும்

அந்தக் காலத்தில் குற்றத்தைப் பற்றி ஐரோப்பாவில் பெரிய பேச்சு நடந்து கொண்டிருந்தது. இத்தாலியில் லொம்புரோசோ என்ற டாக்டர் இருந்தார். கைதிகளின் மண்டை ஓட்டையும் முகத்தையும் அளந்து பார்த்தார். சிலர் பிறக்கும்போதே குற்றவாளிகளாகப் பிறக்கிறார்கள், தாடையையும் நெற்றியையும் பார்த்தே கண்டு பிடித்து விடலாம் என்று 1876-ம் ஆண்டில் புத்தகம் எழுதினார். அது உலகம் எங்கும் பரவியது. முகத்தைப் பார்த்துக் குற்றம் சாட்டும் அந்தக் கொள்கை தவறு என்று பிற்காலத்தில் தள்ளப்பட்டு விட்டது.

துர்கைம் வேறு வழியில் போனார். 1895-ம் ஆண்டு, சமூகவியலை எந்த முறையில் ஆராய வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஒரு செய்தி பலரைத் தூக்கி வாரிப் போட்டது. குற்றம் இல்லாத சமூகமே கிடையாது, ஆகவே சமூகத்தில் குற்றம் இருப்பது இயல்பான காரியம் என்று சொல்லி இருந்தார்!

அப்படியானால் திருடனையும் கொலைகாரனையும் சும்மா விட்டு விடலாமா? அவர் சொன்னது அது இல்லை. உடம்பில் வலி இருப்பது இயல்பு. அதற்காக வலியை யாரும் விரும்புவது இல்லை. குற்றமும் அப்படித்தான். தப்பு நடந்ததும் ஊர் கூடிப் பேசுகிறது. இது தகாது என்று எல்லோரும் ஒரு மனதாகச் சொல்கிறார்கள். அப்போது நல்லது எது, கெட்டது எது என்ற எண்ணம் ஊரில் மீண்டும் உறுதிப்படுகிறது. தண்டனையின் பெரிய பலன், குற்றவாளியை விட நல்லவர்களிடம்தான் தெரியும் என்றார்.

ஒரு உதாரணமும் காட்டினார். முழுக்க முழுக்க முனிவர்களே வாழும் ஒரு மடத்தை நினைத்துக் கொள்வோம். அங்கே கொலையும் கொள்ளையும் நடக்காது. ஆனால் நாம் பொருட்படுத்தாத சிறு தவறும் அங்கே பெரிய குற்றமாகி விடும். ஆகவே குற்றம் என்பது செயலில் மட்டும் இல்லை. அதைப் பார்க்கிறவர்களின் கண்ணிலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். பழைய கிரேக்க நாட்டில் சாக்ரட்டீசைக் குற்றவாளி என்று தீர்த்து விஷம் கொடுத்தார்கள். அவர் செய்த குற்றம், சுயமாகச் சிந்தித்தது. பின்னால் வந்த உலகம் அதையே பெருமையாகக் கொண்டது. நேற்றைய குற்றம் சில வேளை நாளைய தர்மம் ஆகிறது.

இதைக் கேட்டுக் கொதித்து எழுந்தவர் காப்ரியல் தார்த். அவர் வெறும் புத்தகப் புழு இல்லை. சர்லா என்ற சிறு ஊரில் பல ஆண்டுகள் வழக்குகளை விசாரித்த நீதிபதி. லொம்புரோசோவின் மண்டை ஓட்டுக் கொள்கையை அவரும் எதிர்த்தவர்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதாலேயே குற்றம் பரவுகிறது என்பது அவர் கொள்கை. குற்றத்தை இயல்பு என்று சொல்வது ஆபத்து என்று அவர் எழுதினார். துர்கைம் பதில் எழுதினார். இருவரும் பல வருடங்கள் பேனாவால் மோதினார்கள்.

இருபத்தாறாயிரம் காகிதம்

அடுத்து துர்கைம் எடுத்துக் கொண்ட விஷயம் இன்னும் கடினமானது. மனிதர்கள் தற்கொலை செய்து கொள்கிறார்களே, அதற்குக் காரணம் என்ன? அது அவரவர் சொந்தத் துயரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நாடு நாடாக, வருடம் வருடமாகக் கணக்கைப் பார்த்தால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விகிதம் ஏறக்குறைய மாறாமல் வந்து கொண்டே இருந்தது. சொந்தத் துயரம் மட்டும் காரணம் என்றால் இது எப்படி முடியும்?

விவரமான கணக்கு பாரிஸில், நீதி இலாகாவின் புள்ளி விவர அலுவலகத்தில் இருந்தது. அதற்கு அப்போது தலைவர் யார் தெரியுமா? அதே தார்த்! தம்முடைய கொள்கையை எதிர்க்கிறவர் என்று தெரிந்தும், தார்த் அலுவலகக் கதவைத் திறந்து விட்டார். துர்கைமின் அக்காள் மகன் மார்செல் மோஸ், அங்கே உட்கார்ந்து சுமார் 26,000 பேரின் காகிதங்களைப் புரட்டினார். வயது என்ன, ஆணா பெண்ணா, மணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால் செய்த வேலை.

1897-ம் ஆண்டு புத்தகம் வெளிவந்தது. தார்த்தின் கொள்கையை அதில் துர்கைம் தாக்கியும் இருந்தார். முன்னுரையில் அவருக்கு நன்றியும் சொல்லி இருந்தார்.

கணக்கு காட்டியது என்ன? தனியாக வாழ்கிறவர்களை விடக் குடும்பத்தோடு வாழ்கிறவர்களிடம் தற்கொலை குறைவு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் குறைவு. நாடு முழுவதும் ஒன்று சேர்ந்து நிற்கும் யுத்த காலத்தில் குறைகிறது. வியாபாரம் படுத்துவிட்டால் கூடுகிறது. இதில் வியப்பு இல்லை. ஆனால் திடீரென்று செல்வம் பெருகும் காலத்திலும் கூடுகிறது! அளவு எது, எல்லை எது என்று தெரியாமல் மனிதன் தடுமாறும் நிலை அது. அந்த நெறி குலைந்த நிலைக்குத் துர்கைம் தனிப் பெயர் கொடுத்தார். அனோமி என்ற அந்தச் சொல்லை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

சுருங்கச் சொன்னால், நம்மைப் பிடித்து வைத்திருக்கும் கைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது நம் உயிரின் காவல். இன்றைய டாக்டர்கள் மனநோய்க்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்றும், வைத்தியத்தால் குணப்படுத்தலாம் என்றும் சொல்கிறார்கள். துர்கைம் காட்டிய பாதி உண்மையும் அதோடு சேர்ந்தே நிற்கிறது. மனம் உடைந்த ஒருவரைத் தனியே விடக் கூடாது. அருகில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு கேப்டனுக்காக

இந்தச் சமயத்தில் பிரெஞ்சு நாடே இரண்டு பட்டு நின்றது. ஆல்பிரட் டிரைபஸ் என்ற ராணுவக் கேப்டன், ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894-ம் ஆண்டு தண்டிக்கப்பட்டிருந்தார். கடல் கடந்த தீவு ஒன்றில் அடைத்து விட்டார்கள். அவர் யூதர். பிறகு, உண்மையான குற்றவாளி வேறு ஒருவர் என்று தெரிய வந்தது. ஆனாலும் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று சிலர் வழக்கை மூடி மறைக்கப் பார்த்தார்கள்.

நிரபராதி ஒருவனைத் தண்டித்து நாட்டைக் காப்பாற்ற முடியாது என்று துர்கைம் 1898-ம் ஆண்டு கட்டுரை எழுதினார். மனிதனின் உரிமையை மதிப்பதுதான் இந்தக் காலத்து மக்களை ஒன்று சேர்க்கும் நம்பிக்கை; அதை விட்டால் நாடே சிதறும் என்று வாதாடினார். மனித உரிமைக் கழகத்தில் சேர்ந்து உழைத்தார். 1906-ம் ஆண்டு டிரைபஸ் குற்றமற்றவர் என்று உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பன்னிரண்டாம் வயதில் எப்பினாலில் கண்ட காட்சிக்கு, துர்கைம் கொடுத்த பதில் இது.

பாரிஸ் நகரில்

1898-ம் ஆண்டு முதல் ஒரு ஆண்டு மலரை நடத்தினார். உலகம் எங்கும் வெளியாகும் சமூகவியல் நூல்களை அதில் அவரும் சீடர்களும் விமர்சித்தார்கள். குற்றவியலுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. 1913 வரை 12 பெரிய புத்தகங்கள் வெளிவந்தன. அதைச் சுற்றி இளம் அறிஞர்கள் குடும்பம் போலச் சேர்ந்தார்கள்.

1902-ம் ஆண்டு பாரிஸ் சொர்போன் பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. அப்போதும் கல்வி முறையைக் கற்பிக்கத்தான் அழைத்தார்கள். 1913-ம் ஆண்டில்தான் அவருடைய பதவியின் பெயரில் சமூகவியல் என்ற சொல் சேர்ந்தது. பாரிஸ் நகரில் அந்தச் சொல்லுக்கு ஒரு நாற்காலி கிடைக்க, போர்தோவில் அவர் பாடம் தொடங்கியதிலிருந்து 26 வருடம் ஆயிற்று!

மகன் போனான்

1914-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, யுத்தம் வேண்டாம் என்று முழங்கிய நண்பர் ழோரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் பிரெஞ்சு நாடும் முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. துர்கைமின் மாணவர்கள் ஒவ்வொருவராகப் போர்முனைக்குப் போனார்கள். ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற சிறந்த மாணவர் 1915 ஏப்ரலில் இறந்தார். வேறு பலரும் திரும்பவில்லை.

மகன் ஆந்திரேயும் யுத்தத்துக்குப் போனான். தந்தை வழியிலேயே படித்தவன். மொழி ஆராய்ச்சியில் புலி. 1915 இறுதியில் பால்கன் பக்கம் அனுப்பப்பட்டான். அதன்பின் கடிதம் வரவில்லை. காணவில்லை என்று செய்தி வந்தது. வீடு மாதக்கணக்கில் காத்திருந்தது. 1915 டிசம்பரிலேயே அவன் இறந்து விட்டான் என்பது மறு வருட வசந்த காலத்தில்தான் உறுதியாயிற்று.

அந்தத் துயரத்தின் நடுவில் இன்னொரு அம்பும் பாய்ந்தது. பெயரைப் பார்த்து, இவர் ஜெர்மன்காரர்களுக்கு வேண்டியவர் என்று செனட் சபையில் ஒரு உறுப்பினர் பழி தூற்றினார். கல்வி மந்திரி எழுந்து துர்கைமின் தேச பக்திக்குச் சாட்சி சொன்னார். ஒரே மகனை நாட்டுக்குக் கொடுத்தவருக்கு, அந்த நாட்டிலேயே நேர்ந்த அவமானம் இது.

துர்கைம் மகனைப் பற்றி யாரோடும் பேசவில்லை. வேலையில் தலையைப் புதைத்துக் கொண்டார். உடம்பு தாங்கவில்லை. 1916 இறுதியில் நோய் தாக்கியது. சிறிது தேறி, ஒழுக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். அது முடியவில்லை. 1917-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி கண்ணை மூடினார். வயது 59. உறவு அறுந்தால் மனிதன் தளர்வான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர், மகன் போனபின் இரண்டு வருடம் கூடத் தாங்கவில்லை.

விதை முளைத்தது

மிஞ்சிய சீடர்களை மோஸ் ஒன்று சேர்த்தார். மாமன் எழுதி வைத்த பாடங்களைப் பதிப்பித்தார். 1938-ம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் மெர்ட்டன் என்பவர் துர்கைமின் நெறி குலைவுக் கொள்கையை எடுத்துக் கொண்டார். பணம் சேர்ப்பதே பெருமை என்று எல்லோருக்கும் சொல்லி விட்டு, அதற்கு நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால், மற்றவர்களில் சிலர் குறுக்கு வழியில் போவார்கள் என்று விளக்கினார். 1969-ம் ஆண்டு டிராவிஸ் ஹெர்ஷி இளைஞர்களை ஆராய்ந்தார். வீட்டோடும் பள்ளியோடும் பற்று உள்ள பிள்ளைகள் தவறு செய்வது குறைவு என்று கண்டார். குற்றவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடங்கள் இவை.

துர்கைம் சொன்னது எல்லாம் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. சர்க்கார் கணக்கில் ஏறாமல் மறைக்கப்பட்ட மரணங்கள் எத்தனையோ என்று சிலர் கேட்கிறார்கள். பெண்களின் மனதை அவர் சரியாக அறியவில்லை என்றும் குறை கூறுகிறார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வியை யாரும் கைவிடவில்லை.

இன்று நம் நாட்டிலும் சமூகவியலும் குற்றவியலும் பட்டப் படிப்பாக இருக்கின்றன. படித்தவர்கள் சிறைகளிலும், சிறுவர் இல்லங்களிலும், சமூக நல வேலைகளிலும் பணி செய்கிறார்கள். பிள்ளை இந்தப் படிப்பில் சேரப் போகிறேன் என்றால், இதில் என்ன இருக்கிறது என்று சில பெற்றோர்கள் தயங்குகிறார்கள். நூறு வருடத்துக்கும் முன்பே போர்தோ நகரத்துப் பேராசிரியர்கள் கேட்ட கேள்விதான் அது. தவறு செய்தவனைத் திட்டுவது சுலபம். அவன் ஏன் அப்படி ஆனான், அடுத்தவன் அப்படி ஆகாமல் தடுக்க ஊர் என்ன செய்ய வேண்டும் என்று கண்டு பிடிப்பது கடினம். அந்தக் கடினமான வேலைக்கு ஆள் தேவை.